தோரணத்துக்குப் பின்னால் இருக்கும் தெரு

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ஓடும் ஜாலான் துன் சம்பந்தனை மலேசியாவில் இந்தியத் தெரு என்று சொல்லாதவர் இல்லை. எதைக் கொண்டு அப்படிச் சொல்கிறோம் என்று கேட்டால், பெரும்பாலான விடைகள் கண்ணில் முதலில் படும் அலங்காரத்தில் போய் நிற்கின்றன. 2010 அக்டோபர் 27 அன்று இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப் ரசாக்கும் இவ்விடத்தை ‘லிட்டில் இந்தியா’ என்று திறந்துவைத்தார்கள். வண்ண வளைவுகளும், ஜாலான் டிராவர்ஸ் சந்திப்பில் யானைகளும் தாமரைகளும் சூழ்ந்த நீரூற்றும் அந்தத் திட்டத்தில் வந்தவை. சாஞ்சி ஸ்தூபியின் வாயிலைப் பின்பற்றி இந்திய அரசு அன்பளிப்பாகத் தந்த தோரண வாயிலை 2015 நவம்பரில் நரேந்திர மோடி திறந்துவைத்தார். தெருவின் வயதோ நூற்றைத் தாண்டியது. வளைவுகள் வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே இங்கே தமிழர் வாழ்ந்தார்கள். அவர்கள் வாழ்ந்ததற்கான காரணங்கள் தெருவின் தரைப்படத்திலேயே பதிந்திருக்கின்றன. நடந்துபோகும் தொலைவில் ரயில்வே குடியிருப்பு, ஐந்தடி வைத்துக் கட்டிய கடைவீடுகள், சம்பளக்காரர்கள் சந்தா போட்டு எழுப்பிய பொது நிறுவனங்கள் ஆகிய மூன்றும்தான் இதை இந்தியத் தெருவாக்கின என்பது இக்கட்டுரையின் வாதம். முதலாவது ஏறக்குறைய போய்விட்டது. இரண்டாவது தளர்ந்து வருகிறது. மூன்றாவது மட்டும் உறுதியாக நிற்கிறது. இந்தத் தெருவைக் காப்பது என்றால் எதைக் காப்பது என்ற கேள்வியை இந்த வரிசையில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தொடக்கம் செங்கல்லில். 1881இல் கோலாலம்பூரைத் தீ அழித்தது. அதே ஆண்டு வெள்ளமும் வந்தது. அன்றைய ஊர் பெரும்பாலும் மரமும் அத்தாப்புக் கூரையும்தான். சிலாங்கூரின் ரெசிடென்டாக 1882இல் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹம், இனிக் கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும்தான் எழ வேண்டும் என்று 1884இல் விதித்தார். விதி போட்டால் போதுமா, செங்கல்லுக்கு எங்கே போவது? ஊருக்குத் தெற்கே, கிள்ளான் ஆற்றோரத்துத் தாழ்நிலத்தில் களிமண் இருந்தது. சீனர் தலைவரான காப்பித்தான் யாப் ஆ லோய் அங்கே செங்கல் தொழிலுக்கு நிலம் வாங்கினார். அவருக்குப் பின் யாப் குவான் செங் காலத்திலும் சூளைகள் புகைந்தன. கோலாலம்பூரின் முதல் செங்கல் முகப்புகள் இந்த மண்ணைச் சுட்டு எழுந்தவை. களிமண்ணைத் தந்த அதே தாழ்நிலம்தான் 1926இலும் 1971இலும் வந்த பெருவெள்ளங்களுக்கும் ஆளானது.

சூளைகள் மட்டும் இருந்திருந்தால் இது ஒரு தொழிற்புறமாக இருந்து மறைந்திருக்கும். தெருவை நிலைநிறுத்தியது ரயில். கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடாவையும் இணைத்த தடம் 1886இல் திறக்கப்பட்டது. 1901இல் சுவெட்டன்ஹம் துறைமுகம், இன்றைய போர்ட் கிள்ளான், வந்ததும் ஈயமும் பின்னர் ரப்பரும் இந்தத் தடத்தில்தான் கடலுக்குப் போயின. ஊர் மையத்துக்குத் தெற்கே அகன்று கிடந்த சமநிலம் சரக்குப் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் யார்டுக்கு வாய்ப்பாக இருந்தது. 1901இல் உருவான மலாய்க் கூட்டரசு மாநிலங்களின் ரயில்வே, ஆள் தேடிக் கடலுக்கு அப்பால் பார்த்தது. தண்டவாளம் போடவும் பராமரிக்கவும் தமிழ்நாட்டுத் தொழிலாளிகள். ஆங்கிலப் பள்ளியில் படித்து வந்த யாழ்ப்பாணத் தமிழர்கள் கிராணிகளாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும். ஒரே மொழி பேசிய இரு கூட்டங்கள் ஒரே முதலாளியிடம் வெவ்வேறு படியில் நின்றன. பிரிக்பீல்ட்ஸ் தமிழரை ஒரே வார்ப்பாகப் பேசும் வழக்கம் இந்தப் படிநிலையை மறைத்துவிடுகிறது. தெருவின் கட்டடங்கள் அதை மறைக்கவில்லை.

ரயில்வே தன் ஆட்களுக்கு வீடு கொடுத்தது. பதவிக்குத் தக்க வீடு. ஜாலான் ரொசாரியோவுக்கும் ஜாலான் சான் ஆ தோங்குக்கும் இடையில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ‘நூறு குவார்ட்டர்ஸ்’ இவற்றில் பேர் பெற்றது. அரசு ஊழியர்களும் ரயில்வேக்காரர்களும் குடியிருந்த வரிசை வீடுகள் அவை. ஒன்றைப் போலவே மற்றொன்று, நடுவில் பொதுச்சுவர், மேலே ஓடு, முகப்பில் அலங்காரம் என்று சொல்ல எதுவும் இல்லை. கட்டடக் கலை நூல்கள் இவற்றைக் கடந்துபோவதில் வியப்பில்லை. ஆனால் ஒரு தெருவை எது உயிரோடு வைத்திருக்கிறது என்று கேட்டால் விடை இந்த வரிசைகளில்தான் கிடைக்கும். மாதம் தவறாமல் சம்பளம் வாங்கும் குடும்பங்கள் நெருக்கமாக, கடைத்தெருவுக்கு ஐந்து நிமிட நடையில் இருந்தன. மளிகைக் கடைக்கும் நகைக்கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் பூக்கடைக்கும் வாடிக்கையாளர் வெளியூரிலிருந்து வர வேண்டிய அவசியம் இருக்கவில்லை. கோவிலுக்குச் சந்தா கொடுத்தவர்களும் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்களும் அவர்களே. சரக்கு யார்டு, குவார்ட்டர்ஸ், கடைவீடு, கோவில் என்ற நான்கும் ஒரே நடைத்தொலைவுக்குள் அமைந்த இடம் கிள்ளான் பள்ளத்தாக்கில் அரிது. ரயில்வே பட்டறை இருந்த செந்தூலில் இதன் மற்றொரு வடிவத்தைப் பார்க்கலாம்.

கடைவீடு என்ற கட்டட வகையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். முகப்பு குறுகியது, உள்ளே ஆழம் அதிகம். கீழே கடை, மேலே குடியிருப்பு. பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொள்ளும் தடித்த சுவர் தீ பரவாமல் தடுக்கும். நடுவில் திறந்த முற்றம் வெளிச்சத்தையும் காற்றையும் உள்ளே இறக்கும். மாடியில் சாய்ந்த பலகைகள் கோத்த மர ஜன்னல்கள் வெயிலைத் தடுத்துக் காற்றை விடும். மாடித்தளம் முன்னால் நீண்டு தூண்களின் மேல் நிற்க, அதன் அடியில் தெருவோரமாக ஒரு நடைவழி ஓடுகிறது. அதைத்தான் இங்குள்ள தமிழர் ஐந்தடி என்றும் அஞ்சடி என்றும் சொல்கிறார்கள். தூணுக்கும் கடைச் சுவருக்கும் இடையில் ஒரு சிறு மேசை போட்டால் பூக்கட்டுபவர் ஒருவருக்குத் தொழில் நடத்த இடம் கிடைத்துவிடும். மல்லிகை வெயிலில் வாடாது, மழையில் நனையாது, மேசையைத் தாண்டி ஒருவர் நடந்து போகவும் வழி மிஞ்சும். பெரிய முதலீடு இல்லாதவர் தெருவின் வணிகத்துக்குள் நுழைய இந்த ஓரடுக்கு நிழல் போதுமாக இருந்தது. ராபிள்ஸ் 1822இல் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்தில் இந்த நடைவழியைக் கட்டாயமாக்கினார். பிறகு அது மலாயா நகரங்களுக்குப் பரவியது. நிலம் தனியாருடையது, நடக்கும் உரிமை பொதுமக்களுடையது என்பது இதன் அடிப்படை. இத்தாலியின் பொலோன்யா நகரம் 1288ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே வீட்டு முகப்புகளில் தூண்வரிசை நடைவழி வைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. அந்தத் தூண்வரிசைகள் 2021இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. அரண்மனையோ பேராலயமோ இல்லாமல் ஒரு நடைவழிக்கே அந்த மதிப்புக் கிடைத்தது என்பதை ஐந்தடியைச் சாதாரணமாக எண்ணுபவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். கடைவீடு தென்சீனத்து மரபிலிருந்து வந்தது. கட்டியவர்களில் சீனக் குத்தகைக்காரர்கள் மிகுதி. விதித்தது வெள்ளை அதிகாரி. இதில் தமிழருடையது என்ன? சுற்றியுள்ள தெருப்பெயர்களும் இந்த மறுப்புக்குத் துணை நிற்கின்றன: ஸ்காட், டிராவர்ஸ், ரொசாரியோ, சான் ஆ தோங், தம்பிப்பிள்ளை, தம்பி அப்துல்லா. ஜாலான் தம்பிப்பிள்ளையிலேயே சீனரின் மும்மதக் கோவில் இருக்கிறது. இந்த வட்டாரம் ஒரே இனத்தவருடையதாக எக்காலத்திலும் இருந்ததில்லை. மறுப்பில் உள்ள உண்மைகளை எல்லாம் ஏற்றுக்கொள்கிறேன். அதிலிருந்து எடுக்கும் முடிவை ஏற்கவில்லை. ஒரு கட்டடத்துக்குக் கட்டியவர் என்று ஒருவர் இருந்தால், அதில் வாழ்ந்து அதன் பொருளை மாற்றியவர்களும் இருக்கிறார்கள். வாடகைக்கு இருந்தவரின் வரலாறு பத்திரப் பதிவில் இடம்பெறாது என்பதற்காக அது வரலாறு இல்லை என்று ஆகாது.

அந்த வாடகை வரலாற்றில் ஒரு சட்டம் முக்கியப் பங்கு வகித்தது. கட்டடக் கலை பற்றிய பேச்சில் அது அடிபடுவதே இல்லை. 1948 ஜனவரி 31க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உயர்த்த விடாமல் தடுத்த 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அது. உரிமையாளருக்கு அதில் இழப்பு. பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்கக்கூட அவருக்கு ஊக்கம் இருக்கவில்லை. ஆனால் அதே சட்டம்தான் மலேசிய நகரங்களின் கடைவீட்டு வரிசைகளை இடிபடாமலும், சிறுவணிகர்களை இடம்பெயராமலும் வைத்திருந்தது. சட்டத்தை நீக்கும் தீர்மானம் 1997இல் நிறைவேறி, 2000 ஜனவரி 1 முதல் கட்டுப்பாடு முழுவதுமாக விலகியது. பழைய ஊர்களில் கடைகள் கைமாறிய வேகத்துக்கும் பூட்டிய மாடிகளுக்கும் இந்த ஒரு நாளை விட்டுவிட்டு விளக்கம் தர முடியாது. முகப்பின் வண்ணத்தைப் பற்றிக் கவலைப்பட்ட அளவுக்கு, அந்த முகப்புக்குப் பின்னால் வாடகை என்ன ஆனது என்று நாம் கவலைப்படவில்லை.

மூன்றாவது அடுக்கு நிறுவனங்கள். சிங்களவர் தொடங்கிய புத்த மகா விகாரை ஜாலான் பெர்ஹாலாவில் 1894 முதல் இருக்கிறது. இலங்கைத் தமிழர் விவேகானந்தா ஆசிரமத்தை 1904இல் நிறுவினார்கள்; பிள்ளைகளின் படிப்பு அதன் முதற்பணிகளில் ஒன்றானது. அதே பத்தாண்டில் ஜாலான் ஸ்காட்டில் எழுந்த ஸ்ரீ கந்தசுவாமி கோவில் யாழ்ப்பாணத்து நல்லூரை மனத்தில் வைத்துக் கட்டியது. தமிழ் மெதடிஸ்ட் தேவாலயம், லுத்தரன் தேவாலயம், தமிழ் முஸ்லிம்களின் மதரசா என்று வரிசை நீள்கிறது. போருக்குப் பின் 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் இங்கேதான் தலைமையகம் அமைத்தது; பார்வையற்றவர்கள் நடத்தும் உடம்புபிடி நிலையங்களும், கைத்தடிக்கு வழிகாட்டும் மஞ்சள் நடைபாதைக் கற்களும் இந்த வட்டாரத்தின் அடையாளமாகிவிட்டன. இங்குள்ள வழிபாட்டிடங்களையும் ஆசிரமத்தையும் அரசு தன் திட்டப்படி நட்டுவைக்கவில்லை. நிறுவனங்களின் கட்டட மொழியைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட ஊரை, ஒரு குறிப்பிட்ட மரபைச் சுட்டுகிறது. நல்லூர் என்றால் நல்லூர். பொதுவான ‘இந்தியா’ என்று எதையும் அவர்கள் கட்டவில்லை.

அந்தப் பொதுவான ‘இந்தியா’ எப்போதும் அரசிடமிருந்துதான் வந்தது. ஆர்தர் பெனிசன் ஹப்பாக் வடிவமைத்து 1910இல் திறந்த கோலாலம்பூர் ரயில் நிலையத்தைப் பாருங்கள்: குவிமாடங்கள், சத்ரிகள், வளைவுகள். சென்னை உயர் நீதிமன்றத்தை எழுப்பிய அதே இந்தோ-சாரசனிய மோகம் மலாயாவில் மொகலாய உடை உடுத்தி நின்றது. அந்த நிலையத்தை இயக்கிய தமிழர்களோ, சற்றுத் தொலைவில், அலங்காரமே இல்லாத செங்கல் வரிசைகளில் குடியிருந்தார்கள். நூறு ஆண்டு கழித்து வளைவுகளும் தோரண வாயிலும் வந்தபோதும் அதேதான் நடந்தது: கிழக்கு எப்படித் தோன்ற வேண்டும் என்று மேலிருந்து ஒரு முடிவு, கீழே வேறொரு வாழ்க்கை. சாஞ்சி மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறது. பௌத்தத்தின் மகத்தான சின்னம். பக்கத்திலேயே புத்த விகாரை இருக்கும் வட்டாரத்தில் அதை அயலானது என்று தள்ளிவிட முடியாது, தள்ளவும் கூடாது. ஆனாலும் யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்தவர்கள் உருவாக்கிய தெருவின் நினைவுச்சின்னமாக அது நிற்கையில், அவர்கள் கட்டியவற்றின் குரல் தாழ்ந்துபோகிறது.

இதற்கு வரும் பதிலும் நியாயமானதே. லிட்டில் இந்தியா திட்டம் வணிகர்களுக்கு நடைபாதையும் வெளிச்சமும் சுற்றுலாப் பயணிகளையும் கொண்டுவந்தது. நாட்டின் இந்தியருக்குத் தலைநகரில் வெளிப்படையான ஓர் இடத்தை அரசே ஒப்புக்கொண்டது. சிறுபான்மையினருக்கு இது சிறிய விஷயம் இல்லை. மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவராக இருந்து சுதந்திரப் பேச்சுகளில் பங்கெடுத்த வீ. தி. சம்பந்தனின் பெயரைப் பிரிக்பீல்ட்ஸ் சாலைக்கு வைத்ததும் அப்படிப்பட்ட ஒப்புதல்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் நடுத்தெருவில் நின்றபோது, 1960இல் அவர் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கியது. அவர் பெயர் தாங்கிய தெருவில் குடியிருப்பும் உடைமையும் பேசப்படாமல் வளைவுகள் மட்டும் பேசப்படுவது வருத்தம் தருகிறது. ஒப்புதல் வேண்டும்தான். ஒப்புக்கொள்ளப்பட்ட மக்கள் அங்கே தொடர்ந்து வாழவும் வழி வேண்டும்.

அந்த வழி குறுகிய கதை 1990களில் தொடங்கியது. ரயில்வே யார்டு இருந்த 72 ஏக்கரில் கேஎல் சென்ட்ரல் எழுந்தது. நிலையம் 2001இல் செயல்படத் தொடங்கியது. 2003 ஆகஸ்ட் 31 முதல் மோனோரயில் தெருவின் தலைக்கு மேலே ஓடுகிறது. 2014இல் நூ சென்ட்ரல் பேரங்காடி திறந்தது. தெருவைப் பெற்றெடுத்த ரயில் இப்போது இலட்சக்கணக்கானவர்களைக் கொண்டுவந்து இறக்குகிறது, ஆனால் அவர்களில் யாரும் இங்கே குடியிருக்க வருவதில்லை. நூறு குவார்ட்டர்ஸும் இடிபட்டது. இதே காலத்தில், 2014இல், ஆசிரம வளாகத்தில் உயரமான அடுக்குமாடி கட்டும் திட்டம் வெளியானபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. கட்டடத்தைப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்க அரசு முன்வந்தது. ஆசிரமம் நின்றது, குவார்ட்டர்ஸ் நிற்கவில்லை. இரண்டுக்கும் வயதில் பெரிய வேறுபாடு இல்லை. ஆசிரமத்துக்கு ஒரு பெயர், ஒரு சிலை, ஒரு முகப்பு இருந்தது. படம் எடுத்துப் பத்திரிகையில் போட முடிந்தது. ஒரே மாதிரியான நூறு வாசல்களுக்கு அப்படி ஒரு முகம் இல்லை. 1976ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறு வயதான சின்னங்களைத் தேடியது. 2005ஆம் ஆண்டுத் தேசியப் பாரம்பரியச் சட்டம் வந்த பிறகும் பொதுமக்களின் கண் சின்னங்களையே தேடுகிறது. ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் 2008இல் உலகப் பாரம்பரிய நகரங்களானது தனிச் சின்னங்களால் மட்டும் இல்லை. கடைவீட்டு வரிசைகள் வரிசைகளாகவே மதிக்கப்பட்டதாலும்தான். அதே கண்ணைத் தலைநகரின் தொழிலாளர் வரிசைகளின் மீது யாரும் திருப்பவில்லை.

குவார்ட்டர்ஸுக்காக வருந்துவது வெறும் ஏக்கம் என்று சிலர் சொல்லக்கூடும். அந்த வீடுகள் நெருக்கடியானவை, முதலாளியின் உடைமை. வேலை போனால் கூரையும் போகும். பிள்ளைகள் படித்து முன்னேறியதும் பூச்சோங்குக்கும் சுபாங்குக்கும் கிள்ளானுக்கும் சொந்த வீடு தேடிப் போனார்கள். யாரும் அவர்களைத் துரத்தவில்லை. இதில் பெரும்பகுதி உண்மை, அந்த வாழ்க்கையின் கடுமையை யாரும் மெருகூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் முன்னேறியவர்கள் போன பிறகு அவ்விடத்துக்கு அடுத்த சம்பளக்காரக் குடும்பங்கள் வந்திருக்க வேண்டும். நிலம் பொதுச்சொத்து, நடுத்தர வருமானக்காரருக்கு அதே நிலத்தில், அதே நடைத்தொலைவில் நல்ல வீடுகள் கட்டியிருக்க முடியும். பழைய சுவர்களைக் காப்பதைவிட அந்தக் குடியிருப்பின் அடர்த்தியைக் காப்பது முக்கியம் என்பேன்.

சிங்கப்பூர் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அங்கே சிராங்கூன் சாலையை ஒட்டிய லிட்டில் இந்தியா 1989இலேயே பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. கடைவீடுகள் நிற்கின்றன, ஓடுகளும் ஜன்னல்களும் பழுதுபார்க்கப்படுகின்றன. முகப்பைக் காப்பதில் அது அடைந்த வெற்றியைக் கோலாலம்பூர் நெருங்கவில்லை. ஆனால் பழுதுபார்த்த மாடிகளில் பழைய குடும்பங்களுக்குப் பதில் அலுவலகங்களும் விடுதிகளும் வந்தன. சுவரைக் காக்கும் சட்டத்தோடு வாடகையையும் மாடிக் குடியிருப்பையும் பற்றிய கொள்கை சேராவிட்டால், கட்டடம் மட்டும்தான் பிழைக்கும்.

கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானா இந்த விவாதத்தில் தனி இடம் பெற வேண்டும். அதுவும் கடைவீட்டுத் தெரு, அதுவும் லிட்டில் இந்தியா என்றே அழைக்கப்படுகிறது. அதன் தோற்றம் மட்டும் வேறு. ரயில்வே குடியிருப்பைவிட, காப்பார், பந்திங், கேரித்தீவு என்று சுற்றியிருந்த தோட்டப்புறங்களிலிருந்து சம்பளம் வாங்கிய கையோடு வந்த குடும்பங்களே அதை வளர்த்தன. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளானபோது அந்த வாடிக்கையாளர்கள் வெகுதூரம் போகவில்லை. அதே மாவட்டத்துத் தாமான்களில் குடியேறினார்கள். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் அந்தத் தெருவில் நடக்க இடமிருக்காது என்பதற்கு அதுவே காரணம். வண்ண வளைவு எதுவும் செய்து தராத ஒன்றை, அருகில் வாழும் மக்கள் செய்து தருகிறார்கள். 2024 பிப்ரவரியில் கிள்ளான் அரச மாநகரானது. மாநகர் ஆனால் நில விலை ஏறும், உயரமான கட்டடங்களுக்கு விண்ணப்பங்கள் வரும், அழகுபடுத்தும் திட்டமும் ஒருநாள் வரும். ஜாலான் தெங்கு கிளானாவின் கடைவீடுகள் இன்னும் வரிசையாகவே இருக்கின்றன. அவற்றைத் தனித்தனிக் கட்டடமாகப் பார்க்காமல் வரிசையாகவே பதிவுசெய்வது, ஐந்தடியை அடைபடாமல் வைப்பது, மாடிகளில் குடியிருப்புக்கு வரிச்சலுகை தருவது, பழைய வாடகைதாரர்களுக்கு நீண்டகால ஒப்பந்தம் கிடைக்க வழிசெய்வது ஆகியவற்றை அங்கே இன்றே தொடங்க முடியும். பிரிக்பீல்ட்ஸில் முப்பது ஆண்டுகளுக்கு முன் யாரும் கேட்காத இந்தக் கேள்விகளை, கிள்ளான் மன்றத்தின் முன் இந்தியச் சங்கங்களும் வணிகர்களும் இப்போது வைக்கலாம்.